பதினொரு நிமிடப் பெருக்கல்

ஜெனரேட்டர் புகை எங்கே மணந்தாலும் எனக்குள் ஒரு கொடி ஏறும். யுத்தத்தோடு மின்வெட்டும் சேர்ந்திருந்த நாட்களில் கொழும்பின் காலி வீதிக் கடை வாசலெல்லாம் அந்த மணம்தான்.

என்னோடு படித்தவள் கொட்டாஞ்சேனையில் இருந்தாள். மாமா வீட்டு மேல்மாடியில் பழைய கணினி. ஒரு கட்டடம் எப்படி அதிரும் என்பது அவளுடைய ஆய்வு. அதற்கு ஆயிரம் நிரை, ஆயிரம் நிரல் கொண்ட இரண்டு தாயங்களை, அதாவது எண் கட்டங்களை, ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். புரோகிராம் நான் எழுதியது. அது ஓடி முடிய மூன்று மணித்தியாலம். மின்சாரமோ தொடர்ந்து இரண்டு மணித்தியாலம்தான். நடுவில் சேமிக்கக் கணினி வட்டில் இடமில்லை. மூன்று நாளாகப் பாதியிலேயே திரை செத்தது. வெள்ளி பின்னேரம் நாலு மணிக்குள் பல்கலைக்கழகத்தில் விடை கொடுக்காவிட்டால் அவள் பட்டம் ஒரு வருடம் பிந்தும். என் புரோகிராமுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டதா என்று கேட்டாள்.

வெள்ளி காலை, நான் இருந்த வெள்ளவத்தையில் தமிழருக்குப் பொலிஸ் பதிவு. லேனுக்கு ஒரு புத்தகம். ஆள் வர எழுந்து, பின்னறை அலுமாரியில் அந்த ஆளின் லேன் புத்தகத்தை எடுத்து, ஒரு வரி எழுதி, திரும்ப வைத்துவிட்டு வந்தார் பொலிஸ்காரர். அடுத்தவர் வேறு லேன். மறுபடி நடை. வரிசையில் நின்ற ஒரு ரீச்சர் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"லேன்படி நில்லுங்கோ. இல்லாட்டி இண்டைக்கு மத்தியானச் சாப்பாடும் இங்கதான்."

நின்றோம். ஒரு புத்தகம் மேசைக்கு வந்தது. அந்த லேன் முழுவதும் முடிந்த பிறகே திரும்பிப் போனது. என் புரோகிராமும் அலுமாரிக்கும் மேசைக்குமாக நடந்தே செத்துக்கொண்டிருந்தது! தூரத்து நினைவகத்திலிருந்து ஓர் எண், ஒரு பெருக்கல், உடனே கைவிடல், பிறகு அதே எண்ணுக்கு இன்னொரு நடை.

கொட்டாஞ்சேனைக்குப் பறந்தேன். தாயங்களைச் சிறு சதுரங்களாக வெட்டினேன். கணினியின் மேசையில், அந்தச் சின்ன வேக நினைவகத்தில், அடங்கும் அளவுக்கு. எடுத்த சதுரத்தின் வேலை முழுவதையும் முடித்தபிறகே அடுத்தது. பெருக்கல்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஒழுங்குதான் மாறியது.

மின்சாரம் வந்தது. ஓட்டினோம். பதினொரு நிமிடம்.

பிழை, இவ்வளவு கெதியாக வராது என்றாள். பூச்சியங்கள் நிறைந்த சில நிரைகளைக் கல்குலேட்டரில் தட்டிப் பார்த்தாள். கடைசித் தசமம் வரை சரி. மறுபடி ஓட்டினோம். அதே பதினொன்று. ராசாக்கள் மாதிரிச் சிரித்தோம். பிரிண்டர் கிறீச்சிட்டு விடையைத் துப்பியது.

மூன்று மணி பஸ்ஸில் தாள்கட்டோடு தொற்றி ஏறியவள் மிதிபலகையிலிருந்து குனிந்தாள்.

"மூண்டு நாள் அழ வைச்சிட்டுப் பதினொரு நிமிசத்தில சரிக்கட்டிட்டீர். போயிட்டு வாறன்."