படம் இல்லாத புத்தகங்கள்

சிட்லபாக்கத்தில் அந்த வாடகை நூலகத்தை நடத்தியவர் நல்ல உயரம். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் ஆளைப் பார்ப்பார். நாவலைத் திருப்பிக் கொடுத்தால் அட்டையைக்கூடத் திறக்க மாட்டார். வாழ்க்கை வரலாறு என்றால் மட்டும், நம் முன்னாலேயே படப் பக்கங்களைப் புரட்டி, ஒவ்வொரு படத்தையும் விரலால் தடவிப் பார்ப்பார். தலைவர்கள் படம் ஒட்டி ஆல்பம் கொண்டுவரும்படி பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்திய காலம் அது.

"நல்ல வாழ்க்கை வரலாறா ஒண்ணு சொல்லுங்க சார்" என்று ஒருநாள் கேட்டேன்.

"பொண்ணு எத்தனாவது படிக்கிறா?"

"ஆறாவது."

"அப்ப சோழர் சரித்திரம் எடுத்துட்டுப் போங்க. பிரமாதமா இருக்கும்."

அதில் ஒரு படம்கூடக் கிடையாது. இப்படியே அவர் சிபாரிசில் படமில்லாத சரித்திரமும் சுயசரிதையுமாகப் படித்துத் தள்ளினேன். எல்லாமே நல்ல புத்தகங்கள் என்பதுதான் எரிச்சல்.

ஒரு மழை நாளில், தடித்த வாழ்க்கை வரலாறு ஒன்றை அவரே எடுத்து நீட்டினார். அட்டையில் ‘அரிய படங்களுடன்’ என்று போட்டிருந்தது. ஒருவழியாக என்னை நம்பிவிட்டார் என்று பூரித்துப்போனேன். வீட்டில் பிரித்தால், படம் இருந்த இடமெல்லாம் சதுரம் சதுரமாக ஓட்டை. பழி நம் தலையில் விழுமே என்று நனைந்துகொண்டே திரும்பி ஓடினேன்.

"தெரியும் சார். அதனாலதான் உங்களுக்குக் குடுத்தேன். இனிமே வெட்டறதுக்கு அதுல என்ன இருக்கு?" என்றார்.

படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தபோதும், அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைத்தார். எதைத் தேடினாரோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.