ஆணியில் தொங்கிய குமிழ்

சாய அண்டாவுக்குள் ஆள்காட்டி விரலை விட்டு எடுக்கிறார் கலியாணசுந்தரம். எடுத்த கையோடு காது மடலைப் பிடித்துக்கொள்கிறார். விறகு அடுப்பு இருந்தவரை, விரல் ரொம்பச் சுட்டால் ஒரு கட்டையை வெளியே இழுப்பார். சுடாவிட்டால் ஒன்றை உள்ளே தள்ளுவார். இப்போது இழுக்கக் கட்டை இல்லை. காதைப் பிடிப்பதை மட்டும் விடவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் பல தறிகளுக்கு இவர்தான் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறார். முழங்கை வரை அரக்கு நிறம். போன மாதம் வரை தெளிவாக இருந்த மனிதர். செவிலிமேட்டு எலக்ட்ரீஷியன் வீரபாகு ஒரு மின்சார அடுப்பைக் கொண்டுவந்து மாட்டியதிலிருந்து குழம்பிப்போயிருக்கிறார். சூடு ஏறினால் அது தானே அணையும், ஆறினால் தானே எரியும். எரிகிற நேரமெல்லாம் ஒரு சிவப்பு விளக்கு. "நீங்க பாக்கவே வேணாம் மாமா, அது பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார் வீரபாகு.

அந்தப் பேச்சை நம்பி முதன்முதலில் போட்டது மகள் வள்ளியின் முகூர்த்தப் புடவைக்கான நூல். போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பினால் அண்டா தளதளவென்று கொதிக்கிறது. பட்டு கொதிக்கக் கூடாது. நூல் திட்டுத் திட்டாக, பளபளப்பெல்லாம் போய்க் கிடந்தது.

நடந்தது இதுதான். அடுப்பிலிருந்து ஒரு மெல்லிய குழாய் நீண்டு, நுனியில் செம்புக் குமிழோடு அண்டாவுக்குள் இறங்கியிருந்தது. செம்பு பட்டால் சாயம் கருத்துவிடும் என்பது இவர்கள் தொழில் பயம். அதனால்தான் செம்பு அண்டாவுக்கே உள்ளே ஈயம் பூசுகிறார்கள். கலியாணசுந்தரம் குமிழை வெளியே எடுத்து, துடைத்து, சுவரில் ஆணியில் மாட்டிவிட்டார்.

"அதான் மாமா அதுக்கு வெரலு. செவுரு சில்லுன்னு இருக்குது. தண்ணி சூடாவலன்னு நெனச்சிக்கினு எரிஞ்சிக்கினே இருந்திச்சு" என்றார் வீரபாகு.

"எரியறது ஒரு எடம், தொட்டுப் பாக்கறது ஒரு எடம், நிறுத்தறது ஒரு எடம். ஒண்ணுக்கொண்ணு எப்பிடிப்பா பேசிக்குது? எனக்கு எல்லாம் ஒரே ஒடம்பு."

"நீ டீ குடிச்சிக்கினு இருந்த, அது செவுத்தப் பாத்துக்கினு இருந்திச்சு" என்றார் அவர் மனைவி நீலாம்பாள். இதைவிடத் தெளிவாக, பக்கத்து வீட்டுக்காரனான எனக்கும் யாரும் விளக்கவில்லை. வீட்டுக்குப் போய் என் மனைவிக்கு விளக்கப் பார்த்தேன். பாதியில் எனக்கே புரியாமல் போயிற்று.

வீரபாகு குமிழுக்கும் ஈயம் பூசிக்கொண்டு வந்தார். நேற்று வெறும் தண்ணீரில் ஒத்திகை. விளக்கு அணைந்ததும் கலியாணசுந்தரம் பதறி, அடுப்பில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் திருப்பிக் கூட்டினார். சூடு ஏறிற்று. ஐயோவென்று ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினார். ஆறிவிட்டதென்று அடுப்பு மறுபடி எரிந்தது. இவர் மறுபடி ஊற்றினார். இவரும் அடுப்பும் பொழுதுசாயும் வரை மல்லுக்கட்டியதில் அண்டா வழிந்ததுதான் மிச்சம். நீலாம்பாள் சொம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்று உண்மையான நூல். வள்ளிக்கு மிச்சம் இருக்கும் ஒரே கட்டு. தையில் கல்யாணம், இதுவும் போனால் வேறு நூல் வாங்கி நெய்ய நாள் கிடையாது. வள்ளி கதவோரம் நிற்கிறாள்.

விளக்கு அணைகிறது. கலியாணசுந்தரத்தின் கை திருகை நோக்கிப் போகிறது. மகளைப் பார்க்கிறார். முக்காலியில் உட்கார்ந்து, அரக்கேறிய இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்கிறார்.