கிணற்று வழக்குக்காக ராமநாதபுரம் போய் வந்தது

புதுமடத்திலிருந்து ராமநாதபுரம் கோர்ட்டுக்கு நான் போனது, கணவரை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா முடிந்த மறுவாரம். கணவர் நெஞ்சுவலியில் திடீரென்று மௌத்தான பிறகு வாசல் தாண்டியதே அன்றுதான். எங்கள் வீட்டுக்கும் அவருடைய அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு. அண்ணன் அதைச் சுற்றி வேலி அடைத்தார், இவர் வழக்குப் போட்டார். "வேலி போகாம அந்தத் தண்ணி என் வாயில படாது" என்று சொன்னவர் போய்விட்டார். வழக்கு என் தலையில் இறங்கியது.

உச்சிப்புளி ஸ்டேஷனுக்கு மணலில் நாலு மைல் நடை. விடியுமுன் கிளம்பினால் சுடாது. ரயில் பெட்டியில் ஏறினால், எதிரே அண்ணனும் அவர் மனைவி மரியம் லாத்தாவும். அண்ணன் எனக்குத் துணையாக வந்த என் தம்பியைப் பார்த்து, "ஏலே காசிம், எதிர்க்கட்சியெல்லாம் கோர்ட்டுல. இங்கன தள்ளி உக்காரு, நான் கால நீட்டணும்" என்றார். தம்பி சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பதா, முகத்தைத் திருப்புவதா தெரியவில்லை.

முன்சீப், "நான் தீர்ப்பு எழுதினா ஒரு வீடு தோக்கும். வெளியே போய்ப் பேசிப் பாத்துட்டு மத்தியானம் வாங்க" என்று அனுப்பினார். தீர்ப்புச் சொல்ல வேண்டியவரே இப்படிச் சொல்லலாமா?

எங்கள் ஊரில் சமாதானம் பேசுமுன் இரண்டு தரப்பையும் ஒரே சகனில், அதாவது ஒரே தாம்பாளத்தில், சாப்பிட வைப்பார்கள். கூட வந்த ஜமாஅத் தலைவர் பக்கத்திலிருந்த உறவினர் வீட்டில் சோறு சொன்னார். ஆண்கள் வெளியே, நானும் லாத்தாவும் உள்ளே. நான் கை வைக்கவில்லை.

"ஒன் வீட்டுக்காரவுக வீம்பு எனக்குத் தெரியாதா புள்ள?" என்றார் லாத்தா. "மௌத்துக்கு மொத நாளு வேலியோரம் வந்து தண்ணி கேட்டாக. ஒரு செம்பு குடுத்தேன்."

"என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. இன்னொரு செம்பு கேட்டாக."

சண்டையை விட்டுவிட்டாரா, தாகம்தான் தாங்கவில்லையா? கேட்க ஆளில்லை. சோற்றில் கை வைத்தேன். மத்தியானம், வேலியை எடுப்பது, கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது என்று ராஜி எழுதினார்கள். எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

வழக்குக்குப் போகிறவர்கள் சொந்தக்காரர் வீடு இல்லாவிட்டால் சோறு கட்டிக்கொண்டு போங்கள். பசியோடு பேச உட்காராதீர்கள். பேசிப் பாருங்கள் என்று கோர்ட்டில் சொன்னால் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பாதீர்கள். மனம் தெளிந்துவிடும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

வேலி போய்விட்டது. அவர் சரி என்றிருப்பார் என்று ஒரு நாள் தோன்றுகிறது, கோபித்திருப்பார் என்று மறுநாள். இரண்டு நாளும் அந்தத் தண்ணீரில்தான் உலை வைக்கிறேன்.