அத்தை கொடுக்க வந்த கிட்னி

அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்தபோது எங்கள் வீட்டில் அழாத ஒரே ஆள் அத்தைதான். அப்பாவின் அக்கா. எடப்பாடியில் தறியை நிறுத்திவிட்டு பஸ் ஏறி ஜேடர்பாளையம் வந்தவள், வாசலில் நின்றபடியே, "எதுக்கு ஒப்பாரி வெக்கறீங்க? எங்கிட்ட ரெண்டு இருக்குதில்ல. ஒண்ண எடுத்து வெச்சா முடிஞ்சுது" என்றாள். பீஸ் போன பல்பை மாற்றச் சொல்வதுபோல இருந்தது.

எல்லோரும் உடனே நம்பினோம். காரணம் அத்தையின் உடம்பு. எங்கள் வீட்டு நிலைவாசலுக்குள் அவள் சற்றுத் திரும்பித்தான் நுழைவாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரும் முன் அதை ஒருமுறை அழுத்திப் பார்ப்பாள். அம்மாவோ காய்ந்த கரும்புச் சோகை மாதிரி ஒல்லி. தானும் தருவதாக அம்மா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. "ஊதுனா பறந்துருவா, இவகிட்ட என்ன இருக்கப்போவுது?" என்றார்கள். பெரிய உடம்புக்குள் எல்லாமே பெரிதாக இருக்கும், ஒன்றை எடுத்தாலும் தெரியாது என்பது சொந்தக்காரர்களின் முடிவு. பத்து வயதில் எனக்கும் அதில் சந்தேகமில்லை.

ரத்தப் பிரிவு அத்தை, அம்மா இருவருக்குமே பொருந்தியது. ஆனால் முதலில் எடையைக் குறைத்தாக வேண்டும் என்று அத்தையிடம் சேலம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் எங்களோடு தங்கினாள். சோற்றைத் தொடவில்லை. விடிந்ததும் வாய்க்கால் கரையோரம் மூச்சிரைக்க நடப்பாள். நான் பின்னாலேயே போய் அவளைப் போல இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடந்து காட்டுவேன். என் சிநேகிதிகள் கரையில் விழுந்து சிரிப்பார்கள். அத்தைக்கு அது தெரியும். திரும்பிப் பார்த்து அவளும் சிரிப்பாள். ஒருநாள் ரவிக்கைக் கையை இழுத்து அம்மாவிடம் காட்டினாள். "பாரு புள்ள, ரெண்டு வெரலு உள்ள போவுது." புதுப்புடவை கட்டியவள்போல இருந்தது அவள் முகம்.

இருவருக்கும் ஸ்கேன் எடுத்த அன்று கோடை விடுமுறை, நானும் கூடப் போனேன். டாக்டர் ஒரு இளம்பெண். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க கிட்னி ரெண்டுமே சின்னதா இருக்குதுங்க. ஒண்ண எடுத்தா அவருக்கும் பத்தாது, உங்களுக்கும் பத்தாது" என்றார்.

"எனக்கா சின்னது?" என்று அத்தை குனிந்து தன் உடம்பையே பார்த்துக்கொண்டாள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கொழுப்பு ஏறுகிற அளவுக்கு உள்ளே இருப்பவையும் வளர்ந்துவிடுவதில்லை. கிட்னியின் அளவு பெரும்பாலும் எலும்பையும் தசையையும் ஒட்டியது. சிலருக்குப் பிறவியிலேயே சிறிதாக அமைந்துவிடும். அம்மா ஒல்லிதான், ஆனால் வயல்காட்டு வேலை செய்து இறுகிய உடம்பு. அவளுடையது நல்ல அளவில் இருக்கிறது.

அத்தை மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க டாக்டரம்மா, இன்னுங் கொஞ்சம் எளச்சா அது வளருமுங்களா?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

அம்மாதான் கொடுத்தாள். அப்பா பிழைத்தார். ஒரு வருடம் கழித்து வேண்டுதலுக்காக ஆற்றங்கரைக் கோயிலில் கிடா வெட்டினோம். பந்தியில் யாரோ என் இலையில் ஆட்டின் குண்டிக்காய் ஒன்றை வைத்தார்கள். அது கிட்னிதான் என்று எனக்குத் தெரியும். விரலில் எடுத்து உயர்த்திப் பிடித்து, "எங்க அத்தைது இதவிட இத்தினியூண்டு!" என்றேன். பந்தி திரும்பியது. அந்த உற்சாகத்தில் அத்தையின் குரலிலேயே, கையைக் கட்டிக்கொண்டு, "எளச்சா வளருமுங்களா?" என்று கேட்டுக் காட்டினேன். பந்தி முழுக்கச் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். எல்லோரையும்விட அதிகம் சிரித்தது அத்தைதான். "ஆமா சாமி, நானு வெறும் மூட்டதான்" என்று உடம்பு குலுங்கச் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாக்கியம் அவளை விடவில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர், "என்ன, வளந்துருச்சா?" என்பார்கள். அவள் மெல்ல மெல்லப் பந்தியில் உட்காருவதையே விட்டுவிட்டாள். பரிமாறுவாள், தறி நிற்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிடுவாள். போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். எடுத்துக்கொண்டு போன பிறகு அப்பா என்னிடம், "அன்னிக்கு நானுஞ் சிரிச்சிருக்கக் கூடாது கண்ணு" என்றார். சிரிக்க வைத்தவள் நான். ஒரு மன்னிப்புக் கேட்க எனக்கு இருபது வருடம் இருந்தது. போனில் தறியைப் பற்றியும் மழையைப் பற்றியுமே பேசி அதைக் கழித்திருக்கிறேன்.

கிடா வெட்டிய அன்று பந்தி முடிந்து கை கழுவக் கோயிலுக்குப் பின்பக்கம் போனேன். அங்கே அம்மா புடவையை இடுப்போரம் ஒதுக்கிக்கொண்டு நின்றாள். எதிரே அத்தை. ஆபரேஷன் தழும்பின் ஒரு முனையில் விரலை வைத்து, மறுமுனை வரைக்கும் மெதுவாகக் கொண்டுபோனாள். பிறகு அதே வழியில் திரும்பி வந்தாள். அம்மா அசையவில்லை.

தையல் நன்றாக ஆறியிருக்கிறதா என்று பார்க்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தபடி நான் ஐஸ்காரனிடம் ஓடினேன்.