அத்தை எடுக்காத வெள்ளிக் குடம்

எங்கள் அத்தைக்கு என்ன வேலை என்று தாராவியில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. மெக்சிகோவில் தண்ணீர் நிறைந்த குகைகளுக்குள் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நீந்துவாள், மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுப்பாள். உள்ளே போய்த் திரும்பாதவர்களைத் தேடி மேலே கொண்டுவரவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அப்பா யார் கேட்டாலும் “டீச்சர் வேல” என்று சுருக்கிவிடுவார்.

நான் ஏழாவது படித்தபோது அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு அத்தை வந்திருந்தாள். கூடவே செம்பூர் நீச்சல் குளமொன்றில் வகுப்பும் எடுத்துக்கொண்டிருந்ததால் சிலிண்டரெல்லாம் வீட்டில் கிடந்தன. அந்த வருஷம் தீர்த்தம் எடுக்கும் முறை எங்கள் குடும்பத்துக்கு. வருஷம் முழுக்கக் குழாய்த் தண்ணீர்தான் என்றாலும் கொடைக்கு மட்டும் கோவில் கிணற்றில் வெள்ளிக் குடத்தை இறக்கியாக வேண்டும். அம்மன் குடத்துக்கு நைலான் கயிறா, சீச்சீ, என்று அப்பா கிங்ஸ் சர்க்கிள் போய்ப் பட்டுக்கயிறு வாங்கி வந்தார்.

“அண்ணே, இது வழுக்கும். முடிச்சு நிக்காது,” என்றாள் அத்தை.

குகைக்குள் கயிற்றைப் பிடித்தே பிழைக்கிறவள் சொன்னதை யார் கேட்டார்கள்? மேளம் முழங்க இறக்கிய குடம் முடிச்சு அவிழ்ந்து உள்ளே போய்விட்டது. இனி எங்களுக்கு முறையே கிடையாது என்று அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. நான் மட்டும் குஷியாக, “எங்க அத்தை எடுத்துருவா, பாத்துக்கிட்டே இருங்க,” என்று தெருவுக்கே அளந்துகொண்டிருந்தேன்.

மேலே ஒரு கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்தபடி அத்தை இறங்கினாள். வெறுங்கையோடு வந்தாள்.

“அடியில பக்கவாட்டுல ஒரு பொந்து இருக்குண்ணே. குடம் அதுக்குள்ள உருண்டு கெடக்கு. விரல் பட்டுச்சு.”

“பட்டா எடுக்க வேண்டியதுதானட்டி!”

“கலங்கிட்டு, ஒண்ணும் தெரியல. காத்துல மூணுல ஒரு பங்கு முடிஞ்சா திரும்பிரணும். ஒரு பங்கு வெளிய வர, ஒரு பங்கு ஆபத்துக்கு.”

“இதுக்கா இத்தன சாமானு?” என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. சித்தப்பாவுக்கோ ரோஷம் வந்துவிட்டது. தாமிரபரணியில் முங்கி வளர்ந்தவராயிற்றே! “லேய், வேண்டாம்லே!” என்று அத்தை கத்தக் கத்தச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தார்.

கொஞ்ச நேரம் குமிழி வந்தது. பிறகு அதுவும் நின்றது. இன்னும் கழற்றாத சிலிண்டரோடு அத்தை மறுபடி இறங்கினாள். பொந்துக்குள் தலையையும் தோளையும் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாராம் சித்தப்பா. தன் வாயிலிருந்த காற்றுக்குழாயைப் பிடுங்கி அவர் வாயில் திணித்துத்தான் வெளியே இழுத்தாளாம். மேலே தூக்கிப் போட்டதும் அவர் இருமினார் பாருங்கள், கோவில் பூராவும் கேட்டது. அம்மா ஓவென்று அழுதாள். எவர்சில்வர் குடத்திலேயே தீர்த்தம் எடுக்கலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குத்தான் ஆறவில்லை. கிணற்றடியில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்த அத்தையிடம் போய், “நாளைக்காவது குடத்த எடுப்பியா, மாட்டியா?” என்று கேட்டேன். டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். மே மாத வெயிலில் என்ன குளிரோ என்று நினைத்தேன். தள்ளி உட்கார்ந்து சித்தப்பா இன்னும் இருமிக்கொண்டிருந்தார். அத்தை அவரையே பார்த்தாள்.

“இத்தன வருசத்துல நான் மேல கொண்டுவந்தவங்கள்ல இருமுனது உங்க சித்தப்பா ஒருத்தன்தாண்டி,” என்றாள்.

சித்தப்பாவைக் கேலி பண்ணுகிறாள் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.