ப்ராசசருக்கும் ஒரு ஷிஃப்ட்

நானே பார்ட் பார்ட்டாக வாங்கி மாட்டிய கம்ப்யூட்டரில், ப்ராசசர் மேல் இருக்கும் குட்டி ஃபேன் மிக்ஸியில் சட்னி அரைப்பது மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

"ஏலே, நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தவன் தூங்க வேண்டாமா?" என்றார் செல்வம் அண்ணன். ஒரகடத்தில் என் ரூம்மேட், திருநெல்வேலிக்காரர், கம்பெனியில் லைன் லீடர்.

இன்று காலை அந்தக் குட்டி ஃபேனைக் கழற்றிவிட்டேன். கேபினெட்டைத் திறந்து, ரூமில் இருக்கும் ஒரே டேபிள் ஃபேனை ப்ராசசருக்கு நேராக வைத்தேன். சத்தமே இல்லை.

அரை மணி நேரத்தில் அண்ணன் வேர்த்துக் கொட்டி எழுந்தார். ஃபேனைத் தன் பக்கம் திருப்பினார். கம்ப்யூட்டர் சூடாகி அணைந்தது. நான் திருப்பினேன். அவர் மறுபடி எழுந்தார்.

ஹவுஸ் ஓனர் அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாபா, மிஷினுக்குக் காத்து வுட்டுகினு மனுசன வேக வெச்சிகினு கீற?" என்றார்.

அண்ணன் பேனாவை எடுத்து, லைனுக்குப் போடுவது போலவே ஒரு ஷிஃப்ட் சார்ட் போட்டுச் சுவரில் ஒட்டினார். மதியம் இரண்டு வரை செல்வம். இரண்டிலிருந்து நாலு வரை ப்ராசசர். அப்புறம் மறுபடியும் செல்வம். ஞாயிற்றுக்கிழமை ப்ராசசருக்கு வீக்லி ஆஃப்.

"அதுக்கு ஓ.டி. உண்டா அண்ணே?"

"புதுசா சேந்தவனுக்கு ஓ.டி. கிடையாதுடே."

இப்போது மணி மூன்று ஐம்பத்தைந்து. தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ப்ராசசரை மாற்றிவிட ரிலீவராக அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.

சத்தம் போடாத ஃபேன் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் இந்தப் போஸ்ட்டுக்குக் கீழே எழுதி வையுங்கள். நாளை ப்ராசசர் டூட்டிக்கு வந்ததும் படிக்கிறேன்.