அம்மாவைக் கூட்டிப்போக வந்தவர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதக் காலையில் நடந்தது. டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவச் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே, நான் தோட்ட வேலை செய்கிறேன். புல் வெட்டுவது, வேலி கத்தரிப்பது, குழி வெட்டும்போது கூட நின்று உதவுவது. யாழ்ப்பாணத்துச் சைவப் பெண்ணுக்கு இது என்ன வேலை என்று எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். செத்தவர்கள் புறணி கதைக்க மாட்டார்கள் என்று சொல்லி அவர்களின் வாயை அடைத்துவிடுவேன்.

இந்த நாட்டில் கல்லறை நிரந்தரமில்லை. இருபது வருடம் போல ஒரு தவணை. அது முடியும்போது குடும்பத்தார் வந்து நீடிக்காவிட்டால், கல்லை எடுத்து, மண்ணை நிரவி, அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவோம். டேனிஷ்காரருக்கு இதில் ஒரு சங்கடமும் கிடையாது. எனக்கும் இருக்கவில்லை. வேலை வேலைதானே.

அன்று ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். தாயின் கல்லறையைக் காணவில்லை என்று பாதி மறந்துபோன டேனிஷில் தட்டுத்தடுமாறிக் கேட்டார். தாய் ஹவாய்த் தீவின் ஆதிக்குடி. டேனிஷ்காரரைக் கட்டி இங்கே வந்து, இங்கேயே இறந்துபோனவர். மகள் அதன் பிறகு தாயின் ஊரோடு போய்விட்டாராம். பெயரைச் சொன்னார். டேனிஷ் பெயர்களுக்கு நடுவே தனியாகத் தெரிந்த பெயர் அது, மறக்க வழியில்லை. அந்தக் கல்லை எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. உடனே சொல்லத் தைரியம் வராமல், மர வாங்கில் உட்கார வைத்து பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

அவர் சந்தோசமாகக் கதைக்கத் தொடங்கிவிட்டார். அவர்களுடைய கரை எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புக் கரையாம். அதன் ஓரமாகக் கல் பதித்து முன்னோர்கள் போட்ட பாதை ஒன்று இன்னும் இருக்கிறதாம். அரசர்களும் அவர்களின் தூதர்களும் நடந்த பாதை. அரசர்கள் இறந்தால் எலும்புகளை எவருக்கும் தெரியாமல் குகைகளில் ஒளித்துவிடுவார்களாம். சாதாரண சனத்தைப் பாதையோரத்து மணலில் புதைப்பார்களாம். இறந்தவரின் சக்தி முழுவதும் எலும்பில்தான் இருக்கிறது என்பது அவர்களின் நம்பிக்கை. ஹோட்டல் கட்ட வந்தவர்கள் அந்த மணலைக் கிண்டிவிட்டார்கள். குடும்பமே பல வருடம் வழக்காடி, கடைசியில் பாதையோரம் ஒரு துண்டு நிலத்தை மீட்டிருக்கிறது.

பையைத் திறந்து ஒரு துணியைக் காட்டினார். மரப்பட்டையை அடித்து அவருடைய பெரியம்மாமார் செய்த துணி. எலும்பைச் சுற்றுவதற்காம்.

"இனி அம்மாவுக்கு இடம் இருக்கிறது. கூட்டிக்கொண்டு போக வந்தேன்" என்றார்.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. அலுவலகம் அனுப்பிய கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பி வந்ததையும், ஒரு வருடம் அறிவிப்புப் பலகை நட்டு வைத்துப் பார்த்ததையும் சொன்னேன். இடத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே வேறொருவரின் பெயரோடு புதுக் கல் நின்றது. குழி வெட்டும்போது பழைய எலும்பு வந்தால் அதை இன்னும் ஆழத்தில் வைத்து மூடுவதுதான் இங்கத்தைய முறை. அதற்கு மேலே இப்போது இன்னொருவர் படுத்திருக்கிறார். இனி எடுக்க விடமாட்டார்கள்.

அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏசவில்லை. குனிந்து கல்லடி மண்ணைத் தொட்டுவிட்டு, "நீங்கள் அம்மாவைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

ஆம் என்றேன்.

"கையால் வைத்தீர்களா, மண்வெட்டியாலா?"

"கையால்" என்றேன். அது பொய். மண்வெட்டியால்தான் தள்ளினேன்.

அவர் என் வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு அழுதார். தாயைத் தொட்ட கையல்லவா. அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் நான் நின்றேன். பிறகு துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "ஏனப்பா, சோத்திலை கையே வைக்கேல்லை?" என்று கணவர் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த மனுசியின்ரை ஆறுதலுக்குத்தானே சொன்னனீர், விடும்" என்றார்.

"நான் தம்பியை நினைச்சனான்" என்றேன். அவர் எழுந்து என் சோற்றை மூடி வைத்தார்.

என் தம்பி போரில் இறந்தவன். வன்னியில், போராளிகளுக்கான ஒரு துயிலும் இல்லத்தில் அவனைப் புதைத்தார்கள். போர் முடிந்த பிறகு இராணுவம் அந்த இடம் முழுவதையும் புல்டோசரால் தள்ளி மட்டமாக்கிவிட்டது. ஒருமுறை போய்த் தேடினேன். எது அவன் படுத்த இடம் என்று தெரியாமல் வெறும் புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்த இயந்திரத்தை ஓட்டியவனை அன்றிலிருந்து நான் சபிக்காத நாளில்லை. உள்ளே ஒரு பிள்ளை கிடக்கிறானே என்று அவன் ஒரு நிமிடமாவது நினைத்தானா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இப்போது சபிக்க வாயெடுத்தால், அவனும் என்னைப் போலக் காலையில் வேலைக்கு வந்து, சொன்னதைச் செய்துவிட்டு, பின்னேரம் வீட்டுக்குப் போனவனாகத்தான் தெரிகிறான். தம்பிதான் இல்லை, அவனுக்காக ஏசி ஆறுவதற்கும் எனக்கு இனி ஆளில்லை.